போன பொதுக்குழுவில் நிறைவேறிய தீர்மானத்தை மாற்ற முடியுமா?

கேள்வி (தமிழ்ப்பள்ளிப் பெற்றோர்):
அமெரிக்காவில் எங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளி. மார்ச் பொதுக்குழுவில் ஒரே தீர்மானத்தில் இரண்டு விஷயங்களை நிறைவேற்றினார்கள்: வேறு கட்டடத்தை வாடகைக்கு எடுப்பது, ஆண்டுக் கட்டணத்தை 250 டாலரிலிருந்து 400 ஆக்குவது. இரண்டு பிள்ளைகளைச் சேர்த்திருக்கிற குடும்பங்கள் விலகப் பார்க்கின்றன. 300 ஆகக் குறைக்கலாம் என்று கேட்கப்போனால், "நீங்கள் எதிர்த்து ஓட்டுப் போட்டவர், அதை மறுபடி எடுக்க உங்களுக்கு உரிமை இல்லை" என்கிறார் தலைவர். எங்கள் பைலாப்படி (பள்ளியின் அமைப்பு விதிகள்) ராபர்ட்ஸ் ரூல்ஸ் என்ற கூட்ட நடைமுறை நூல்தான் நடைமுறை விதி. அவர் சொல்வது சரியா?

பதில் (ஊர்க்காரர்):
நம் லோக்சபாவில் விதி 338 இருக்கிறதே. சபை முடிவெடுத்த விஷயத்தை அதே கூட்டத்தொடரில் மறுபடி கொண்டுவர முடியாது. இங்கேயும் அப்படித்தான் இருக்கும்.

பதில் (கூட்ட நடைமுறை ஆலோசகர்):
லோக்சபா விதி இந்தப் பள்ளியைக் கட்டுப்படுத்தாது. தலைவர் சொல்வது 'மறுபரிசீலனை' விதி. வென்ற பக்கம் ஓட்டுப் போட்டவர்தான் அதைக் கேட்க முடியும், ஒருநாள் கூட்டம் என்றால் அன்றைக்கே கேட்க வேண்டும். மார்ச்சோடு அது முடிந்தது.

உங்களுக்கு வேண்டியது 'முன்பு நிறைவேறியதைத் திருத்துதல்'. ராபர்ட்ஸ் ரூல்ஸின் 2020இல் வந்த 12ஆம் பதிப்பில் 35ஆம் பிரிவு. எந்த உறுப்பினரும் முன்மொழியலாம், அன்று எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டிருந்தாலும் சரி. காலக்கெடுவும் இல்லை. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: கட்டணத் தொகை பைலாவிலேயே எழுதியிருந்தால் பைலா திருத்தும் முறைப்படிதான் போக வேண்டும்.

கூட்ட அழைப்பிலேயே முன்னறிவிப்பு கொடுத்தால் சாதாரணப் பெரும்பான்மை போதும். கொடுக்காமல் கூட்டத்தில் எழுந்து கேட்டால், பதிவான ஓட்டில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஆதரித்தாலும் செல்லும். ஆனால் 140 உறுப்பினர் இருந்தால் 71 ஓட்டு வேண்டும், அத்தனை பேர் எந்தப் பொதுக்குழுவுக்கு வருகிறார்கள்?

மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும் என்று நம்பிக்கை இருந்தாலும் முன்னறிவிப்போடுதான் போங்கள், இதை வற்புறுத்திச் சொல்கிறேன். மார்ச்சில் வந்து கை தூக்கியவர்கள், விஷயம் முடிந்தது என்று நினைத்து அடுத்த கூட்டத்துக்கு வராமல் இருக்கலாம். அவர்களுக்குத் தெரியாமல் அவர்கள் முடிவை மாற்றுவது நியாயமே இல்லை. மூன்றில் இரண்டு கேட்பதே வராதவர்களைக் காக்கத்தான்.

அறிவிப்பில் எந்தத் தொகையை எழுதுகிறீர்கள் என்பது முக்கியம். 300 என்று எழுதினால், 300க்கும் 400க்கும் நடுவில் எந்தத் தொகையையும் பெரும்பான்மையால் முடிவு செய்யலாம். கூட்டத்தில் யாராவது 275 என்று இறக்கினால் அறிவிப்பின் எல்லையைத் தாண்டிவிடும், அப்புறம் சாதாரணப் பெரும்பான்மை போதாது. அதனால் உங்கள் மனதில் உள்ள மிகக் குறைந்த தொகையையே எழுதுங்கள்.

கட்டட ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தால் அதைத் தொடாதீர்கள். செய்து முடித்து, திரும்பப் பெற முடியாமல் போனதை ரத்து செய்ய முடியாது. மிச்சத்தை மட்டும் மாற்றலாம். கட்டணம் குறைந்தால் வாடகைக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள், கணக்கோடு போங்கள்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி சார். பழைய தீர்மானத்தை மினிட்ஸிலிருந்தே எடுத்துவிடச் சொல்கிறார்கள் சிலர். செய்யலாமா?

கூட்ட நடைமுறை ஆலோசகர்:
வேண்டாம். நடந்தது நடந்ததாகவே பதிவில் இருக்கட்டும். அப்படி நீக்குவதற்கு மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஆதரவு வேண்டும், கடுமையான கண்டனமாகத்தான் அதைச் செய்வார்கள். ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சனைக் கண்டித்து 1834இல் போட்ட தீர்மானத்தை அமெரிக்க செனட் 1837இல் நீக்கியபோதுகூடப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. சுற்றிலும் கறுப்புக் கோடு போட்டு, நீக்கப்பட்டது என்று குறுக்கே எழுதினார்கள்.

செயலாளருக்கு இப்படி எழுதுங்கள்: "மார்ச் பொதுக்குழுவில் நிறைவேறிய கட்டணத் தீர்மானத்தில் '400 டாலர்' என்பதை '300 டாலர்' என்று திருத்த அடுத்த கூட்டத்தில் முன்மொழிவேன். இதை அழைப்பில் சேர்க்கவும்." அழைப்பு போவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.