5-3 ஜெயித்தும் கோப்பை ஜெர்மனிக்கு: ஹாக்கியில் ஷூட்-அவுட் இனியும் வேண்டுமா?

முனிர்கா முரளி எழுதியது:

2024 அக்டோபர் 24 அன்று மேஜர் தயான் சந்த் மைதானத்துக்கு வந்திருந்த தில்லித் தமிழர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? இந்தியா 5, ஜெர்மனி 3. இடைவேளை வரை 0-1 என்று பின்தங்கி, அப்புறம் சுக்ஜீத் இரண்டு, ஹர்மன்பிரீத் இரண்டு, அபிஷேக் ஒன்று. இரண்டு மாதம் முன்பு பாரிஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய அணிக்கு ஐந்து கோல் போட்டோம். ஆனால் கோப்பையைத் தூக்கியது அவர்கள். முந்தைய நாள் நாம் 0-2 என்று தோற்றிருந்ததால் தொடர் 1-1. உடனே ஷூட்-அவுட் (ஒரு ஆட்டக்காரர் தனியாகப் பந்தைக் கொண்டுபோய், கோல்கீப்பரை மட்டும் எதிர்த்து எட்டு நொடிக்குள் கோல் போட வேண்டும்), அதில் 1-3. நம் பக்கம் பந்தை உள்ளே தள்ளியது ஆதித்யா லாலகே மட்டும்.

இது இரண்டு ஆட்டத் தொடர், போகட்டும். பெரிய போட்டிகளைப் பாருங்கள். 2018 உலகக் கோப்பை இறுதி, டோக்கியோ ஒலிம்பிக் இறுதி, 2023 உலகக் கோப்பை இறுதி, இப்போது பாரிஸ் இறுதி. ஆண்கள் ஹாக்கியில் இந்த நான்குமே ஷூட்-அவுட்டில்தான் முடிந்தன. உலகத்தின் சிறந்த அணி யார் என்பதை ஒருவருக்கு ஒருவர் என்று எட்டு நொடி ஓட்டத்தில் முடிவு செய்வதற்கு, பதினொரு பேர் 60 நிமிடம் எதற்காக வியர்க்க வேண்டும்? பழையபடி கூடுதல் நேரம் வர வேண்டும்.

ரோகிணி ரேவதி எழுதியது:

நானும் அன்று மைதானத்தில் இருந்தேன் முரளி சார். கடுப்பு எனக்கும்தான். ஆனால் 0-2, 5-3, இரண்டையும் கூட்டினால் 5-5. இதில் யார் மேல் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

பாரிஸ் காலிறுதியை அதற்குள் மறந்துவிட்டீர்களா? பிரிட்டனுக்கு எதிராக 17-வது நிமிடத்தில் அமித் ரோகிதாஸுக்குச் சிவப்பு அட்டை. மீதி 43 நிமிடமும் பத்துப் பேர். 1-1 என்று இழுத்துப் பிடித்து, ஷூட்-அவுட்டில் 4-2. அதில்தான் வெண்கலத்துக்கே வழி பிறந்தது. 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டு இறுதியிலும் பாகிஸ்தானோடு 1-1, ஷூட்-அவுட்டில் 4-2, ரியோ ஒலிம்பிக்குக்கு நேரடி இடம். அன்றைக்கெல்லாம் இது அநியாயம் என்று நம்மில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

முனிர்கா முரளி எழுதியது:

திறக்கவில்லைதான். ஆனால் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். பாரிஸில் கூடுதல் நேரம் இருந்திருந்தால் பத்துப் பேர் தாக்குப் பிடித்திருக்க மாட்டோம், தோற்றிருப்போம். தோற்றிருக்கலாம்! சிவப்பு அட்டைக்கு ஒரு விலை உண்டு. ஷூட்-அவுட் வந்ததும் அந்த விலை தள்ளுபடியாகிவிடுகிறது. ஒரு ஆள் குறைவு என்பதே அங்கே கணக்கில் இல்லை. அது நமக்குச் சாதகமாக விழுந்தது, அவ்வளவுதான்.

கீப்பர் கண்ணன் எழுதியது:

அண்ணே, நான் கோவில்பட்டிக்காரன். பள்ளிக்கூடத்திலும் கல்லூரியிலும் கோல்கீப்பராகக் காலில் பேட் கட்டி நின்றவன். ஷூட்-அவுட்டை லாட்டரிச் சீட்டு போலப் பேசுவதைக் கேட்டால் பொறுக்கவில்லை.

லாட்டரிக்குப் பக்கத்தில் வருவது பழைய பெனால்டி ஸ்ட்ரோக்தான். 6.4 மீட்டரில் பந்து, அடிக்கும் வரை கீப்பர் கோட்டை விட்டு நகரக் கூடாது. பாதி ஊகம். ஷூட்-அவுட் அப்படியில்லை. அடிப்பவர் 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தைக் கொண்டுவர வேண்டும், கீப்பர் வெளியே ஓடி வந்து கோணத்தை அடைக்கலாம். முதல் அடியைத் தடுத்தாலும் எட்டு நொடி முடியும் வரை பந்து உயிரோடு இருக்கிறது. கீப்பர் சீக்கிரம் படுத்தால் செத்தார். நின்று, பின்வாங்கி, அடிப்பவரை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே போனால் கடிகாரம் நம் பக்கம். அவசரத்தில் வேண்டுமென்றே காலைத் தட்டிவிட்டால் பெனால்டி ஸ்ட்ரோக் கொடுத்துவிடுவார்கள். இதில் எங்கே அதிர்ஷ்டம்?

தில்லியில் நால்வரில் ஒருவர்தான் போட்டார் என்றால் அது பயிற்சிக் குறை. பதினெட்டு வருடம் கீப்பர் ஸ்ரீஜேஷ் பின்னால் நிற்பார் என்ற தைரியத்தில் முன்வரிசை இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது என் சந்தேகம். அவர் பாரிஸோடு விடைபெற்றுவிட்டார். இனி அந்தச் சாக்கு செல்லாது.

ஆர்.கே.புரம் ராஜாமணி எழுதியது:

இதே தேசிய மைதானத்தில் 1982 ஆசிய விளையாட்டு இறுதியில் பாகிஸ்தானிடம் 1-7. பின்னர் 2010 காமன்வெல்த் இறுதியில் ஆஸ்திரேலியாவிடம் 0-8. இரண்டையும் நேரில் பார்த்த பாவி நான். ஷூட்-அவுட் இல்லாமலேயே அழ வைப்பார்கள், கவலை வேண்டாம்.

விளையாட்டாகச் சொன்னேன். என் ஓட்டு முரளிக்குத்தான். 1975 கோலாலம்பூர் உலகக் கோப்பையில் மலேசியாவுக்கு எதிரான அரையிறுதி நினைவிருக்கிறதா? தோல்வி விளிம்பில் பெனால்டி கார்னரில் (எதிரணியின் தவறுக்குக் கோல் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளி ஆடும் வாய்ப்பு) அஸ்லம் ஷேர் கான் 2-2 ஆக்கினார், கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் ஜெயிக்க வைத்தார். நம் கையில் இருக்கும் ஒரே உலகக் கோப்பை, கூடுதல் நேரத்தின் வழியாக வந்தது. இரண்டு ஆட்டத் தொடருக்கோ கோப்பையைப் பகிர்ந்து கொடுத்தாலே போதும், இதெல்லாம் தேவையே இல்லை.

ரோகிணி ரேவதி எழுதியது:

ராஜாமணி சார், 1975-ல் ஆடிய வேகம் வேறு. இன்றைக்கு ஃபார்வர்டு ஒரு தடவைக்குச் சில நிமிடம் முழு வேகத்தில் ஓடிவிட்டு வெளியே வந்து மூச்சு வாங்குகிறார். இரண்டு வாரத்துக்குள் ஏழெட்டு ஆட்டம். அதோடு, தில்லியின் அக்டோபர் காற்றில் இன்னும் கால் மணி நேரம் ஓடு என்று யாரையாவது சொல்ல முடியுமா? கேலரியில் உட்கார்ந்திருந்த எனக்கே சுப்ரீம் கோர்ட் மெட்ரோவுக்கு நடந்து போவதற்குள் தொண்டை கரகரத்தது.

கீப்பர் கண்ணன் எழுதியது:

2023 உலகக் கோப்பையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புவனேஸ்வரில் நியூசிலாந்தோடு 3-1 என்று முன்னிலையில் இருந்தோம். 3-3 ஆக விட்டுக்கொடுத்து, ஷூட்-அவுட்டில் வெளியே போனோம். நடுவில் ஸ்ரீஜேஷுக்குக் காயம் பட்டு கிருஷன் பதக் உள்ளே வந்தார். எல்லாரும் ஷூட்-அவுட்டைத் திட்டினார்கள். இரண்டு கோல் முன்னிலையைக் காப்பாற்ற முடியாத அணிக்குக் கூடுதல் நேரம் கொடுத்து என்ன ஆகப்போகிறது?

முனிர்கா முரளி எழுதியது:

கண்ணன் தம்பி, திறமை இல்லை என்று நான் சொல்லவில்லை. அது வேறு திறமை. டிராக் ஃப்ளிக் (பந்தை மட்டையால் இழுத்து வீசும் அடி), பெனால்டி கார்னரில் ஓடி வந்து மறிப்பவரின் தைரியம், நடுக்களத்தில் பந்தைப் பறிப்பது, இதில் ஒன்றுக்கும் அங்கே வேலை கிடையாது. 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் நம் பெண்கள் அரையிறுதியை நினைத்துப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் முதல் முயற்சியை கீப்பர் சவிதா தடுத்துவிட்டார். கடிகாரம் ஓடவில்லை என்று சொல்லி மறுபடி அடிக்க விட்டார்கள், கோல். அதோடு நம் பிள்ளைகளின் முகமே மாறிவிட்டது. சர்வதேச சம்மேளனம் அப்புறம் மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பை வைத்து இறுதிக்குப் போக முடியுமா?

என் யோசனை: அரையிறுதிக்கும் இறுதிக்கும் மட்டும் ஏழரை நிமிடம் வீதம் இரண்டு பாதி, முதல் கோலோடு முடிவு. அதிலும் தீராவிட்டால் உங்கள் ஷூட்-அவுட்.

கீப்பர் கண்ணன் எழுதியது:

கடிகாரத்தை அழுத்தாதது மேஜையில் இருந்தவர் தப்பு. அதற்கு ஆட்ட முறை என்ன செய்யும்? ஆனால் இறுதிக்கு மட்டும் என்றால் நான் பாதி ஒத்துக்கொள்கிறேன்.

ரோகிணி ரேவதி எழுதியது:

இறுதிக்குச் சரி. அரையிறுதிக்கு மாட்டேன். ஒரு அணி 60 நிமிடம் ஆடிவிட்டு இறுதிக்கு வரும், இன்னொன்று 75 நிமிடம் ஆடிவிட்டு வரும். அது எந்த ஊர் நியாயம்?

ஆர்.கே.புரம் ராஜாமணி எழுதியது:

அம்மா ரேவதி, 1975-ல் அப்படிக் களைத்து வந்த அணிதான் இறுதியில் பாகிஸ்தானை 2-1 என்று அடித்தது. அப்போது ஆட்டமே 70 நிமிடம். இன்றைக்குப் போல நினைத்தபோதெல்லாம் ஆளை மாற்றவும் முடியாது.

முனிர்கா முரளி எழுதியது:

இதற்கு என்ன பதில் மேடம்?

ரோகிணி ரேவதி எழுதியது:

1973. ஆம்ஸ்டெல்வீன் உலகக் கோப்பை இறுதி. நெதர்லாந்துக்கு எதிராக 2-0 முன்னிலை, அப்புறம் 2-2. நீங்கள் கேட்கும் அதே கூடுதல் நேரம், நமக்கே பெனால்டி ஸ்ட்ரோக், கோவிந்தா தவறவிட்டார். கடைசியில் ஸ்ட்ரோக்குகளில் தோல்வி. 1975-ஐ வரவில் எழுதினால் 1973-ஐச் செலவில் எழுதுங்கள் சார்.

2026 உலகக் கோப்பையும் பெல்ஜியத்தோடு சேர்த்து அதே ஆம்ஸ்டெல்வீனில்தான். அங்கே போய் 60 நிமிடத்தில் முடிக்கப் பார்ப்போம்.