23 வயதுக்கு உட்பட்டோர் முடிவுகளிலிருந்து ஒரு சைக்கிள் வீரரின் எதிர்காலத்தைக் கணிப்பது எப்படி?

மிதிக்கட்டை:
19 முதல் 22 வயது வரையிலான சாலைப் பந்தய முடிவுகளைக் கொடுத்தால், தொழில்முறை அணியில் முதல் இரண்டு ஆண்டுகளில் வீரர் எடுக்கும் யூசிஐ (சர்வதேச சைக்கிள் சங்கம்) புள்ளிகளைச் சொல்ல வேண்டும். பல முடிவு மரங்களின் சராசரியை எடுக்கும் ரேண்டம் ஃபாரஸ்ட் மாடல். வீரருக்கு ஒரு வரிசை, பந்தயத்துக்கு ஒரு நெடுவரிசை, பங்கேற்காத இடத்தில் 0. பயிற்சித் தரவில் பிரமாதமாகப் பொருந்துகிறது. புதிய வீரர்களிடம் சறுக்குகிறது. எங்கே தவறு?

எதிர்காற்று:
அந்த 0-தான் முதல் வில்லங்கம். பங்கேற்காதவர், பாதியில் விலகியவர், 90-வதாக வந்து புள்ளி வாங்காதவர் என மூன்று பேரையும் ஒருவராக்கிவிட்டீர்கள். 23 வயதுக்கு உட்பட்டோரின் பெரிய பலநாள் பந்தயமான டூர் டி லாவெனிர் 2020-ல் கொரோனாவால் நடக்கவேயில்லை. உங்கள் அட்டவணைப்படி அந்த ஆண்டு எல்லோரும் அதில் தோற்றவர்கள்! பந்தயவாரி நெடுவரிசைகளை எடுத்துவிடுங்கள். மலைப் பலநாள் பந்தயம், ஒருநாள் பந்தயம், தனிநபர் நேரப் பந்தயம் என்று தொகுத்து, ஒவ்வொன்றிலும் சிறந்த இடத்தைப் பங்கேற்றவர் எண்ணிக்கையால் வகுத்துப் போடுங்கள். எத்தனை பந்தயத்தில் புறப்பட்டார், எத்தனையை முடித்தார் என்பவை தனி நெடுவரிசைகள். ஒரு வகையில் புறப்படவே இல்லை என்றால் வெற்றிடமாக விட்டு, பக்கத்தில் 'பங்கேற்கவில்லை' என்று ஒரு குறி வையுங்கள்.

சங்கிலி:
தரவைக் குலுக்கிப் பிரித்திருந்தால் அதுவும் தவறு. பிறந்த ஆண்டுப்படி பிரியுங்கள்: மூத்தவர்களை வைத்துப் பயிற்சி, இளையவர்களை வைத்துச் சோதனை. இரண்டு தொழில்முறை ஆண்டுகள் முடியாதவர்களை 'குறைந்த புள்ளி' என்று சேர்க்காமல் விலக்குங்கள். 2023-ல் யூசிஐ புள்ளி அட்டவணையே மாறியது. ஆகவே புள்ளியை அப்படியே கணிக்காமல் அந்தந்த ஆண்டின் தரவரிசை இடத்தைக் கணியுங்கள். வயதை முழு எண்ணாகப் போடாதீர்கள். ஜனவரியில் பிறந்தவரும் டிசம்பரில் பிறந்தவரும் ஒரே பிரிவில்தான் ஓட்டுகிறார்கள். ஜூனியர் வயதில் அந்தப் பதினொரு மாதம் பெரிய வித்தியாசம்.

மிதிக்கட்டை:
செய்கிறேன். லாவெனிர் வெற்றிக்குக் கூடுதல் எடை தரலாமா?

எதிர்காற்று:
கையால் தராதீர்கள். 2017-ல் பெர்னால், 2018-ல் பொகாச்சர் என, பின்னால் டூர் டி பிரான்ஸ் வென்றவர்களைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் 2013-ல் வென்றவர் ரூபேன் ஃபெர்னாண்டஸ். இரண்டாவதாக வந்த ஆடம் யேட்ஸ்தான் பின்னால் வெகுதூரம் போனார். முதல் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் உள்ள இடைவெளியை வினாடியில் கொடுங்கள், அதில் தகவல் அதிகம்.

இன்னொன்று, நட்சத்திர வீரர்கள் இருவரைப் பாருங்கள். எவனெபூல் 2018-ல் சாலைப் பந்தயம், நேரப் பந்தயம் என ஜூனியர் உலகப் பட்டம் இரண்டையும் வென்று, 2019-ல் நேராகத் தொழில்முறைக்குப் போனவர். ரோக்லிச் பனிச்சறுக்குத் தாண்டலிலிருந்து வந்தவர். இருவருக்கும் உங்கள் தரவில் வரிசையே இருக்காது. இப்படிப்பட்டவர்களுக்கு மாடல் கணிப்பு எதையும் சொல்லவேண்டாம். ஆற்றல் மானி (மிதிக்கும் திறனை வாட்டில் அளக்கும் கருவி) தரவு கிடைத்தால் அதைப் பாருங்கள். அதிலும் களைப்பில்லாத 20 நிமிட வாட்டை நம்பவேண்டாம். 2000 கிலோஜூல் செலவழித்த பிறகு 5 நிமிடம், 20 நிமிடம் எத்தனை வாட் நிற்கிறது, ஒரு கிலோ உடல் எடைக்கு எத்தனை என்று கேளுங்கள். இளைஞர்கள் தொழில்முறை வீரர்களிடம் பின்தங்குவது பெரும்பாலும் அங்கேதான்.