கேள்வி எழுதத் தெரியலையே, உதவி பண்ணுங்க (ஆண்டு 5 அறிவியல்)

செந்தூல் டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். கோலாலம்பூர்ல ஒரு தமிழ்ப்பள்ளியில ஆண்டு 5க்கு அறிவியல் எடுக்கறேன், இது அஞ்சாவது வருஷம். ஆர்பிஎச், அதாவது நாள் பாடத்திட்டம், எழுதும்போது நோக்கம், நடவடிக்கை எல்லாம் கடகடன்னு வந்துடுது, கேள்வி எழுதற இடத்துலதான் பேனா நின்னுடுது. போன வாரம் நீராவியாதல் பாடம். "வெயில் பட்டா தண்ணி ஆவியாகுமா?"ன்னு கேட்டேன், 27 பேரும் ஒரே குரல்ல "ஆகும் டீச்சர்". புரிஞ்சிடுச்சுன்னு நெனச்சு, சன்னல் ஓரமா வெச்ச தட்டுல இருந்த தண்ணி மறுநாள் எங்க போச்சுன்னு எழுதச் சொன்னா, பல பேரு "தட்டு உறிஞ்சிடுச்சு"ன்னு எழுதியிருக்காங்க. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

2021ல யூபிஎஸ்ஆர்ங்கற ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வ ரத்து பண்ணதுக்கு அப்புறம், ஒரு பிள்ளையோட அடைவுநிலை (டிபி) 3ஆ 4ஆன்னு நாமதானே முடிவு பண்றோம், கேள்வியே சரியில்லன்னா நான் போடற டிபிக்கு என்ன அர்த்தம்? ஒரு பட்டறைக்கும் போனேன், "ஏன், எப்படி"ன்னு ஆரம்பிச்சா காபாட் (உயர்நிலைச் சிந்தனை) கேள்வின்னு ஒரு தாள் கொடுத்தாங்க. அதைப் பார்த்து "நீராவியாதல் ஏன் முக்கியம்?"னு கேட்டேன், பாடநூல்ல இருக்கறத அப்படியே எழுதிக் கொடுத்துட்டாங்க. நீங்கள்லாம் எப்படி எழுதறீங்க?

பட்டர்வொர்த் சார்:
டீச்சர், பல பேருக்கு இருக்கற பிரச்சினைதான் இது. "ஏன்"னு ஆரம்பிச்சதால மட்டும் அது சிந்திக்க வைக்கற கேள்வி ஆயிடாது. பதில் பாடநூல்ல இருந்தா, பிள்ளை நினைவுபடுத்திச் சொல்லுது, அவ்வளவுதான். சிந்தனைய படிப்படியா பிரிக்கற புளூம் வகைப்பாடுன்னு ஒண்ணு இருக்கு, 2001ல திருத்தின அந்த வகைப்பாட்டுல அது அடிப்படியில இருக்கற நினைவுகூர்தல், ஏன்னு கேட்டாலும் எதுன்னு கேட்டாலும் அதேதான்.

நான் பண்றத சொல்றேன். கேள்விய எழுதறதுக்கு முன்னாடி, டிஎஸ்கேபில (கலைத்திட்ட ஆவணத்துல) அந்தக் கற்றல் தரத்தைத் திறந்து வெச்சு, புரிஞ்ச பிள்ளை என்ன எழுதும், புரியாத பிள்ளை என்ன எழுதும்னு ரெண்டு பதிலையும் நோட்டுல முதல்ல எழுதிடுவேன். ரெண்டும் ஒண்ணா இருந்தா அந்தக் கேள்விய தூக்கிப் போட்டுட வேண்டியதுதான். உங்க "ஆவியாகுமா"க்கு ரெண்டு பிள்ளையும் "ஆகும்"னுதான் சொல்லும் பாருங்க.

அதுக்குப் பதிலா இப்படிக் கேளுங்க: அம்மா ஒரே மாதிரி ரெண்டு ஈரச் சட்டைய வெயில்ல போட்டாங்க, ஒண்ண கொடியில விரிச்சு, இன்னொண்ண சுருட்டி நாற்காலி மேல. எது முதல்ல காயும், காரணம் என்ன? இது பாடநூல்ல இல்ல, ஆனா வீட்டுல தினமும் பார்க்கறது. "விரிச்சதுல காத்தும் வெயிலும் நெறைய இடத்துல படுது"ன்னு ஒரு பிள்ளை சொன்னா அதுக்குப் புரிஞ்சிடுச்சு.

கணக்கு வாத்தியார், புக்கிட் மெர்தாஜாம்:
சார் சொன்னத அப்படியே ஒத்துக்கறேன். தெரிவுக் கேள்விக்கும் இதேதான், தப்பான தெரிவ சும்மா இட்டு நிரப்பக்கூடாது. 1/2 + 1/4 கேட்டா நான் வெக்கற தெரிவு 3/4, 2/6, 1/8, 1/4. 2/6 எடுத்த பிள்ளை மேலயும் கீழயும் தனித்தனியா கூட்டியிருக்கு, 1/8 எடுத்தது பெருக்கியிருக்கு, 1/4 எடுத்தது கழிச்சிருக்கு. திருத்தும்போதே நாளைக்கு யாரை எந்த மேசையில உட்கார வெச்சு என்ன சொல்லிக்கொடுக்கணும்னு தெரிஞ்சிடும். 50ன்னு ஒரு தெரிவ வெச்சா யாரும் எடுக்க மாட்டாங்க, அது வீண்.

பிரிக்பீல்ட்ஸ் அக்கா:
நான் தமிழ்மொழி எடுக்கறவ, ரெண்டு விஷயம் சொல்லணும். ஒண்ணு, கேள்வியோட தமிழ். "பின்வருவனவற்றுள் எது சரியன்று"ன்னு அறிவியல் தாள்ல எழுதினா, அந்தப் பிள்ளைக்கு அறிவியல் தெரியலையா, "அன்று" புரியலையான்னு நமக்கே தெரியாம போயிடும். எழுதி முடிச்சதும் சத்தமா வாசிங்கம்மா, மூச்சு வாங்கினா ரெண்டு வாக்கியமா உடைச்சிடுங்க.

ரெண்டாவது, கேட்டுட்டு சும்மா இருக்கறது. ஆசிரியருங்க கேள்வி கேட்டு சராசரியா ஒரு விநாடி கூட பொறுக்கறதில்ல, 3 விநாடி பொறுத்தா பதில் நீளமா வருதுன்னு மேரி பட் ரோங்கற அமெரிக்க ஆய்வாளர் ரொம்ப வருஷத்துக்கு முன்னாடியே காட்டியிருக்காங்க. மனசுக்குள்ள எண்ணிப் பாருங்க, 3 விநாடி எவ்வளவு நீளம்னு தெரியும்.

ஆனா சின்னக் கேள்விய விட்டுடாதீங்க. "ஆவியாதல்னா என்ன"ங்கறதும் வேணும், வார்த்தையே தெரியாத பிள்ளை சட்டையப் பத்தி என்ன சொல்லும்?

செந்தூல் டீச்சர்:
ரொம்ப நன்றி சார், வாத்தியாரே, அக்கா. இன்னிக்கு அந்தச் சட்டைக் கேள்வியக் கேட்டேன், அக்கா சொன்ன மாதிரி பொறுத்தேன், வகுப்பு கப்சிப். எப்பவும் வாயே திறக்காத ஒரு பையன் மெதுவா, "சுருட்டினதுல ஈரம் நடுவுல மாட்டிக்குது டீச்சர், வெளிய வர வழி இல்ல"ன்னான். அதுக்குப் பக்கத்துல இருந்தவ, "அப்போ தட்டுல தண்ணி மேல மூடி போட்டா?"ன்னு அவளே கேட்டா. நாளைக்கு ரெண்டு தட்டு கொண்டு போறேன், ஒண்ணு மூடியோட. சார், மூடியில ஒட்டற தண்ணியப் பத்தி ஒரு கேள்வி எழுதி நாளைக்குப் போடறேன், பார்த்துச் சொல்லுங்க.