பருத் தழும்புக்கு வைட்டமின் ஏ கிரீம்: வெயிலில் வேலை செய்பவர் பூசலாமா?

சிப்புட்_அண்ணன்: தங்கைக்கு 22 வயது. சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை நர்சரியில் வேலை. பரு நின்றுவிட்டது, கன்னத்தில் கறுப்புத் தழும்பும் சிறு குழிகளும் மிச்சம். கூட வேலை செய்பவர் டிரெட்டினாயின் என்ற வைட்டமின் ஏ கிரீம் பூசச் சொல்கிறார். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) லேபிள் இல்லாத டப்பாவில் விற்கிறார்கள். வாங்கலாமா?

மல்லிகா_அக்கா: வேண்டவே வேண்டாம் தம்பி. என் நாத்தனார் அப்படி ஒரு டப்பா வாங்கிப் பூசி, தோல் உரிந்து, தழும்பு முன்பைவிடக் கறுத்துப்போனது. இதெல்லாம் ஏர்கோன் அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு.

பார்மசி_பையன்: அக்கா, அந்த டப்பாவில் இருந்தது டிரெட்டினாயின்தான் என்று யார் சொன்னது? பாதரசம், ஹைட்ரோகுயினோன், ஸ்டீராய்டு கலந்த முகக் கிரீம்களைச் சுகாதார அமைச்சு அடிக்கடி தடை செய்கிறது. டிரெட்டினாயினையே அழகுப் பொருளில் கலக்கக்கூடாது. அது டாக்டர் பார்த்துத் தரவேண்டிய மருந்து. அசலில் மால் (MAL) என்று தொடங்கும் பதிவெண் இருக்கும்.

மல்லிகா_அக்கா: சரி, அசல் என்றே வைத்துக்கொள். வெயில்?

பார்மசி_பையன்: அந்தப் பயம் நியாயம்தான். நம் நிறத் தோலில் எரிச்சல் வந்தாலே கறுப்பு விழும். அதனால்தான் அவசரப்படக்கூடாது என்கிறேன். இரவில் முகம் கழுவி, நன்றாகக் காயவிட்டு, முழு முகத்துக்கும் சேர்த்தே ஒரு பட்டாணி அளவு. தழும்புக்குத் தழும்பு அப்பக்கூடாது. முதலில் வாரம் இரண்டு இரவு போதும். எரிந்தால் முதலில் மாய்ஸ்சரைசர், அதன்மேல் மருந்து. கண், மூக்கோரம், உதட்டோரம் தொடவேண்டாம். பகலில் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்பிளாக், வியர்த்தால் மறுபடியும், கூடவே அகலத் தொப்பி. ஸ்க்ரப், எலுமிச்சைச் சாறு எல்லாம் மூட்டை கட்டிவிட வேண்டும். பலன் தெரியவே மூன்று மாதம் ஆகும்.

ஈப்போ_காரன்: கறுப்பு மங்கும், ஒத்துக்கொள்கிறேன். குழி? ஊசி குத்தியதுபோல் ஆழமான குழி எந்தக் கிரீமுக்கும் நிரம்பாது. அதற்கு மைக்ரோநீட்லிங் (நுண்ணூசி குத்துவது), லேசர், சப்சிஷன் (குழியை உள்ளிழுக்கும் நாரை ஊசியால் அறுப்பது) என்று தோல் நிபுணரிடம்தான் போகவேண்டும். காசைக் கிரீமில் கரைக்காதீர்கள்.

பார்மசி_பையன்: ஆழமான குழிக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் 2018இல் வந்த ஓர் ஆய்வில் வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த அடாப்பலீன் 0.3 விழுக்காடும் பரு மருந்தான பென்சாயில் பெராக்சைடும் சேர்ந்த ஜெல்லை முகத்தின் ஒரு பக்கம் மட்டும் 24 வாரம் பூசினார்கள். பூசிய பக்கம் தழும்பு குறைந்தது. மருந்தில்லாத ஜெல் பூசிய பக்கம் கூடியது.

ஈப்போ_காரன்: நானும் படித்தேன். அவர்களுக்குப் பரு வந்துகொண்டே இருந்தது. புதுப் பருவைத் தடுத்ததால் புதுத் தழும்பு குறைந்திருக்கும். இந்தத் தங்கைக்குத்தான் பரு நின்றுவிட்டதே?

பார்மசி_பையன்: அதில் பாதி உண்மை. வைட்டமின் ஏ, தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் புரதத்தையும் தூண்டும். மேலோட்டமான குழி கொஞ்சம் மேடாகலாம். மறைந்துவிடும் என்று நான் சொல்லவில்லை.

மல்லிகா_அக்கா: கல்யாணப் பேச்சு நடக்கிற வயசு. அதையும் சொல்லு.

பார்மசி_பையன்: ஆமாம் அக்கா, நல்லவேளை கேட்டீர்கள். கர்ப்பம் என்றால் பூசக்கூடாது. குழந்தைக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் சொல்லி நிறுத்திவிட வேண்டும்.

சிப்புட்_அண்ணன்: டப்பா வேண்டாம், புரிந்தது. அரசாங்கக் கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டி டாக்டரிடம் காட்டச் சொல்கிறேன். ஆனால் நர்சரியில் வியர்வையோடு வியர்வையாக சன்பிளாக் எத்தனை தடவைதான் பூசுவாள்?

மல்லிகா_அக்கா: அதைத்தானே தம்பி நான் முதலிலிருந்தே கேட்கிறேன்!