மாட் ஆர்கனைசர் 2 திறந்ததுமே மூடிக்கொள்கிறது (ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன்) – உதவி தேவை

வெண்ஓநாய்:

வணக்கம். ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன் விளையாட்டுக்கு மாட் ஆர்கனைசர் 2 (மாட் எனப்படும் கூடுதல் மாற்றக் கோப்புகளை நிர்வகிக்கும் நிரல்) வைத்திருக்கிறேன், 2.5 வரிசைப் பதிப்பு. விண்டோஸ் 11 லேப்டாப். நேற்று இரவு வரை ஒழுங்காக ஓடியது. இன்று டபுள் கிளிக் செய்தால் முகப்புப் படம் ஒரு கணம் வருகிறது, அப்புறம் ஒன்றும் இல்லை. பிழைச் செய்தி கிடையாது. டாஸ்க் மேனேஜரில் தேடினாலும் காணோம்.

ரீஸ்டார்ட் செய்துவிட்டேன். அன்இன்ஸ்டால் செய்து, புதிதாக இறக்கி, திரும்பப் போட்டுவிட்டேன். அட்மினாகவும் ஓட்டிப் பார்த்தேன். எதற்கும் மசியவில்லை. ஸ்டீமிலிருந்து நேராகத் திறந்தால் விளையாட்டு வருகிறது, ஆனால் ஒரு மாட் கூட இல்லாமல் மொட்டையாக. முந்நூறுக்கு மேல் மாட் போட்டு, லோடு ஆர்டர் (அவை ஏறும் வரிசை) எல்லாம் பார்த்துப் பார்த்து அடுக்கியிருந்தேன். அவ்வளவும் போய்விட்டதா? ஸ்கைரிமையே அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கலாமா என்று யோசிக்கிறேன்.

கரண்ட்கட்:

ப்ரோ, ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிப் பாருங்கள். ஸ்டீமில் வெரிஃபையும் கொடுங்கள். எனக்கு ஒரு தடவை அப்படித்தான் சரியானது.

பழைய_நார்ட்:

தம்பி, எதையும் அழிக்க வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். ஸ்டீமில் மொட்டையாக வருகிறதே, அது நல்ல அறிகுறி. மாட் ஆர்கனைசர் உங்கள் மாட்களை விளையாட்டின் டேட்டா ஃபோல்டருக்குள் போடுவதே இல்லை. ஒவ்வொரு மாடும் அதனதன் ஃபோல்டரில் தனியாக இருக்கும். மாட் ஆர்கனைசர் வழியாக விளையாட்டைத் திறக்கும்போது மட்டும், எல்லாம் டேட்டாவுக்குள் இருப்பது போல ஒரு மெய்நிகர் கோப்பு அமைப்பு விளையாட்டுக்குக் காட்டும். வோர்டெக்ஸ் என்ற இன்னொரு மாட் மேனேஜர் வேறு வழி, அது டேட்டாவுக்குள்ளேயே ஹார்டுலிங்க் (அதே கோப்புக்கு இன்னொரு பெயர்) போட்டுவிடும். ஆகவே உங்கள் விளையாட்டு சுத்தமாக இருக்கிறது. ஸ்டீம் வெரிஃபையால் இதில் பயன் இல்லை, விளையாட்டில் பழுது இருந்தால்தானே.

திரும்ப இன்ஸ்டால் செய்தும் ஏன் மாறவில்லை என்றால், நீங்கள் மாற்றியது நிரலை மட்டும். ஒரு விளையாட்டுக்கான மாட்களும் அமைப்புகளும் சேர்ந்த தொகுப்புதான் இன்ஸ்டன்ஸ். அது குளோபல் இன்ஸ்டன்ஸ் என்றால் அமைப்புகள், மாட்கள், புரொஃபைல்கள் எல்லாம் ஆப்டேட்டா, லோக்கல், மாட்ஆர்கனைசர் என்று போகும் ஃபோல்டருக்குள் இருக்கும். கடைசியாகத் திறந்த இன்ஸ்டன்ஸின் பெயர் ரெஜிஸ்ட்ரியில் இருக்கும். புது நிரல் அதே பழைய இடத்துக்குத்தான் போய் நிற்கிறது.

முதலில் அந்த ஃபோல்டரில் மாட்களும் புரொஃபைல்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் இரண்டையும் வேறு டிரைவுக்கு நகல் எடுத்துவிடுங்கள். லோடு ஆர்டர் புரொஃபைலுக்குள் இருக்கும் சின்ன டெக்ஸ்ட் கோப்புகளில்தான் இருக்கிறது, சில கேபிதான்.

அப்புறம் இரண்டு விஷயம் வேண்டும். அதே இடத்தில் லாக்ஸ் ஃபோல்டருக்குள் எம்ஓ இன்டர்ஃபேஸ் என்ற லாக் கோப்பு இருக்கும், அதன் கடைசிப் பத்து வரிகள். அடுத்து விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் அப்ளிகேஷன். அங்கே நீங்கள் திறந்த நேரத்தில் சிவப்புக் குறியோடு ஒரு பதிவு இருக்கும். அதில் பழுதான மாட்யூல் (நிரலுக்குள் ஏறிய கோப்பு) எது, எக்ஸெப்ஷன் எண் என்ன என்று பார்த்துச் சொல்லுங்கள்.

அட்மின் டிக்கை எடுத்துவிடுங்கள். இதற்கு அது தேவையே இல்லை. அட்மினாக ஓடினால் எக்ஸ்ப்ளோரரிலிருந்து சிப் கோப்பை இழுத்துப் போடக்கூட முடியாது.

வெண்ஓநாய்:

அப்பாடா, முந்நூறும் அப்படியே இருக்கின்றன. நகல் எடுத்துவிட்டேன். மிக்க நன்றி அண்ணா.

லாக் பிளக்இன்களை ஏற்றி முடித்த இடத்தில் அறுந்து நிற்கிறது, பிழை என்று எதுவும் இல்லை. ஈவென்ட் வியூவரில் மாட்யூல் என்டிடிஎல்எல் என்றும், எண் சி0000005 என்றும் இருக்கிறது. கூகுளில் தேடினால் விண்டோஸையே ஃபார்மட் செய்யச் சொல்கிறார்கள்!

கரண்ட்கட்:

என்டிடிஎல்எல் என்றால் விண்டோஸ் கோப்புதானே? அது கெட்டுப் போயிருந்தால் ஃபார்மட்தான் வழி.

பழைய_நார்ட்:

ஃபார்மட் எல்லாம் வேண்டாம். சி0000005 என்றால் நிரல் தனக்கு உரிமையில்லாத நினைவகப் பகுதியைத் தொட்டது என்று அர்த்தம், அவ்வளவுதான். என்டிடிஎல்எல் எல்லா நிரலும் ஏறி இறங்கும் பஸ் ஸ்டாண்டு. அங்கே விழுந்தது தெரியும், தள்ளியவன் யார் என்று தெரியாது. அந்தக் கோப்பு நிஜமாகவே கெட்டிருந்தால் உங்கள் லேப்டாப்பில் விண்டோஸே வந்திருக்காது.

இனி பிரித்துப் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பழுது உங்கள் இன்ஸ்டன்ஸிலா, கணினியிலா? மாட் ஆர்கனைசர் ஷார்ட்கட்டின் பிராப்பர்டீஸில், டார்கெட் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு, இரண்டு சிறுகோடும் ‘பிக்’ என்ற சொல்லும் (ஆங்கில எழுத்தில்) சேருங்கள். திறக்கும்போது எந்த இன்ஸ்டன்ஸ் என்று கேட்கும். காலியாகப் புதிதாக ஒன்று உருவாக்கிப் பாருங்கள்.

வெண்ஓநாய்:

தேர்வுப் பெட்டி வந்தது. புதிய இன்ஸ்டன்ஸ், ஒரு மாட் கூட இல்லை. அதுவும் அதே மாதிரி மறைந்துவிட்டது.

பழைய_நார்ட்:

அப்படியானால் உங்கள் மாட்கள், ஐஎன்ஐ கோப்பு, புரொஃபைல் எல்லாமே நிரபராதிகள். வெளியிலிருந்து யாரோ உள்ளே நுழைகிறார்கள்.

லாக்கின் கடைசியை விட்டுவிட்டு மேல்பகுதியைப் பாருங்கள். ஆரம்பத்திலேயே விண்டோஸ் பதிப்பு, பாதுகாப்பு மென்பொருள்கள், அப்புறம் உள்ளே ஏறியிருக்கும் மாட்யூல்கள் என்று நீளமாக ஒரு பட்டியல் எழுதியிருக்கும். சிஸ்டம்32-லிருந்து வந்தவற்றையும் மாட் ஆர்கனைசரின் சொந்த ஃபோல்டரிலிருந்து வந்தவற்றையும் தள்ளிவிடுங்கள். மிச்சம் இரண்டு மூன்றுதான் தேறும். அதில் ஓஎஸ்டி (திரையின் மேல் வரைந்து காட்டுவது), ஹூக், ஓவர்லே என்று பெயரில் ஏதாவது இருக்கிறதா? எச்சரிக்கை வரிகள் இருந்தால் அதையும் படியுங்கள். பிரச்சினை செய்யும் என்று ஏற்கெனவே தெரிந்த சில நிரல்களைக் கண்டால் மாட் ஆர்கனைசரே லாக்கில் பெயர் சொல்லி எழுதிவிடும்.

வெண்ஓநாய்:

அண்ணா, இருக்கிறது! ஓஎஸ்டி என்று முடியும் ஒரு டிஎல்எல் (நிரல்கள் ஏற்றிக்கொள்ளும் நூலகக் கோப்பு). லேப்டாப்போடு வந்த ஆடியோ மென்பொருளின் ஃபோல்டரிலிருந்து ஏறியிருக்கிறது. கொஞ்சம் கீழே எச்சரிக்கை வரியும் அதன் பெயரைத்தான் சொல்கிறது: இது மாட் ஆர்கனைசரில் உறைதல், வெற்றுச் சாளரம் போன்ற சிக்கல்களைத் தருவது தெரிந்ததே, நீக்கிவிடுவதை யோசியுங்கள் என்று. விண்டோஸ் அப்டேட் வரலாற்றைப் பார்த்தேன், நேற்று இரவு ஓர் ஆடியோ டிரைவர் தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் ஒரு சந்தேகம். சவுண்டுக்கும் மாட் மேனேஜருக்கும் என்ன சம்பந்தம்?

பழைய_நார்ட்:

சவுண்டுக்குச் சம்பந்தமில்லை, படத்துக்குத்தான் சம்பந்தம். இந்த மாதிரி மென்பொருள்கள் விளையாட்டின் மேல் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது, வால்யூம் எவ்வளவு என்றெல்லாம் வரைந்து காட்டும். அப்படி வரைய வேண்டுமானால் விளையாட்டின் செயல்முறைக்குள்ளேயே தன் டிஎல்எல்லை நுழைக்க வேண்டும். எது விளையாட்டு, எது இல்லை என்று அதற்குச் சரியாகப் பிரிக்கத் தெரியாது. மாட் ஆர்கனைசரின் சாளரம் க்யூடி நூலகத்தில் கட்டியது. அதற்குள்ளும் போய்க் கை வைத்தால் இப்படித்தான் ஆகும். ஃபிரேம் எண்ணிக்கை காட்டும் ஓவர்லேக்களும் சில சமயம் இதே வேலையைச் செய்யும்.

ரன் பெட்டியில் சர்வீசஸ் டாட் எம்எஸ்சி (ஆங்கில எழுத்தில்) கொடுத்து, அந்த ஆடியோ மென்பொருளின் சர்வீஸை நிறுத்தி, ஸ்டார்ட்அப் டைப்பை டிசேபிள்டு ஆக்கி, ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஆடியோ டிரைவரில் கை வைக்க வேண்டாம்.

வெண்ஓநாய்:

திறந்துவிட்டது! லோடு ஆர்டர் ஒரு வரி கூட மாறவில்லை. எஸ்கேஎஸ்இ-யும் (பல மாட்களுக்குத் தேவையான ஸ்கைரிம் ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர்) ஓடுகிறது, ஒயிட்ரன் நகர வாசலில் சேவ் செய்த இடத்திலேயே நிற்கிறேன்.

லேப்டாப் ஸ்பீக்கரில் பேஸ் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

பழைய_நார்ட்:

அந்த மென்பொருளின் ஈக்வலைசர் போயிருக்கும், அதுதான். ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள்.

கரண்ட்கட்:

ஃபார்மட் செய்யச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் :)

மலைப்பூனை:

இங்கேயே கேட்டுவிடுகிறேன். எனக்கும் திறக்கும்போதே விழுகிறது, ஆனால் இரண்டாம் முறை திறந்தால், கடந்த முறை ஒரு பிளக்இன் ஏற முடியாமல் மாட் ஆர்கனைசரை விழவைத்துவிட்டது, முடக்கலாமா என்று கேட்கிறது. 2.4-லிருந்து 2.5-க்குப் பழைய ஃபோல்டரின் மேலேயே காப்பி செய்து ஏற்றினேன். லாக்கில் ஓஎஸ்டி எதுவும் இல்லை.

பழைய_நார்ட்:

உங்களுடையது வேறு கதை. 2.5-இல் க்யூடி 5-லிருந்து 6-க்கு மாறிவிட்டார்கள், 2.4-க்கு எழுதிய பிளக்இன்கள் பல அப்படியே ஓடாது. மேலேயே காப்பி செய்ததில் பழையதும் புதியதும் ஒரே ஃபோல்டரில் கலந்து கிடக்கும். அந்தக் கேள்விக்கு இப்போதைக்கு ஆமாம் என்று கொடுத்தால் உள்ளே போய்விடலாம். முழுதாகச் சரிசெய்ய, 2.5-ஐக் காலி ஃபோல்டர் ஒன்றில் தனியாக நிறுவி, நீங்கள் சேர்த்த பிளக்இன்களில் 2.5-க்கு வந்துவிட்டவற்றை மட்டும் ஒவ்வொன்றாகப் போடுங்கள். பழையது போர்ட்டபிள் இன்ஸ்டன்ஸ் என்றால் மாட்களும் அந்தப் பழைய ஃபோல்டருக்குள்ளேயே இருக்கும், அதை அழித்துவிடாதீர்கள்.

மலைப்பூனை:

போர்ட்டபிள்தான். நல்ல வேளை கேட்டேன், ரீசைக்கிள் பின்னில் போட இருந்தேன்.

பழைய_நார்ட்:

வெண்ஓநாய், ஒன்று விட்டுப்போனது. விண்டோஸ் அப்டேட் அதே டிரைவரை இன்னொரு தடவை இறக்கினால் சர்வீஸ் மறுபடி ஆட்டோமேட்டிக் ஆகிவிடக்கூடும். அறிகுறி திரும்பினால் நேரே அந்த மாட்யூல் பட்டியலுக்குப் போங்கள்.