கூட்டல் குறி எந்தப் பக்கம்? அவுட்டர் ஜாயின் அனுபவங்கள்

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் நான் பணியாற்றியபோது, ஆரக்கிள் தரவுத்தளத்தில் இருந்த பழைய அறிக்கைகளைப் போஸ்ட்கிரெஸ் என்னும் வேறொரு தரவுத்தளத்துக்கு மாற்றும் பொறுப்பு என்னிடம் வந்தது. இரண்டு டேபிள்களின் வரிசைகளைப் பொருத்துவது ஜாயின். இணை கிடைக்காத வரிசைகளையும் விடாமல் காட்டுவது அவுட்டர் ஜாயின்; லெஃப்ட் என்றால் இடப்பக்க டேபிளும், ரைட் என்றால் வலப்பக்க டேபிளும், ஃபுல் என்றால் இரண்டும் முழுமையாக வரும். ஆரக்கிள் 2001-இல் 9i பதிப்பிலேயே லெஃப்ட் அவுட்டர் ஜாயின் என்று எழுத வழி செய்துவிட்டது. ஆயினும் அந்த அறிக்கைகளின் குவெரிகளில் (தரவைக் கேட்டெடுக்கும் கட்டளைகளில்) பழைய (+) குறியே இருந்தது. இணை கிடைக்காதபோது 'நல்' (NULL, அதாவது மதிப்பு இல்லை) கொண்டு நிரப்பப்படும் டேபிளின் பக்கம்தான் அந்தக் குறி நிற்கும். எங்கள் குழுவில் எஸ்கியூஎல் சர்வர் என்னும் இன்னொரு தரவுத்தளத்தின் பழைய *= குறியில் பழகிய அண்ணன் ஒருவர் இருந்தார். அங்கே நட்சத்திரம் முழுமையாக வரவேண்டிய டேபிளின் பக்கம் நிற்பதால், அவர் மாற்றிய முதல் இரண்டு குவெரிகளில் லெஃப்ட்டும் ரைட்டும் இடம் மாறிப்போயின.

என் தவறு வேறு. ஆர்டர் டேபிளின் நிலை 'டெலிவர்டு' என்னும் நிபந்தனையிலும் (+) இருந்ததை நான் பொருட்படுத்தவில்லை. ஜாயினை, டேபிள்களைப் பொருத்தும் விதியைச் சொல்லும் 'ஆன்' (ON) பகுதியில் எழுதிவிட்டு, அந்த நிபந்தனையை மட்டும் ஜாயின் முடிந்தபின் வடிகட்டும் 'வேர்' (WHERE) பகுதியில் வைத்தேன். எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. ஆறு வாடிக்கையாளர்களை மட்டும் வைத்து ஒரு சோதனை டேபிள் போட்டுப் பார்த்தேன். நான்கு பேர்தான் வந்தார்கள். ஆர்டரே இல்லாத இருவருக்கும் நிலை 'நல்' என இருந்ததால், 'வேர்' அவர்களை வடிகட்டிவிட்டது. அவுட்டர் ஜாயின், இணை உள்ள வரிசைகளை மட்டும் தரும் இன்னர் ஜாயினாகிவிட்டது. நிபந்தனையை 'ஆன்' பகுதிக்கு நகர்த்தியதும் ஆறு பேரும் வந்தார்கள். மாற்றிய ஒவ்வொரு குவெரிக்கும் வரிசைகளின் எண்ணிக்கையைப் பழையதோடு ஒப்பிடும் வழக்கம் அன்றைக்குத்தான் எனக்கு வந்தது.

இனி வருவது இன்னொருவரின் அனுபவம்: பெங்களூரு கோரமங்களாவிலிருந்து நானும் ஒன்றைச் சேர்க்கிறேன். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் ஃபுல் அவுட்டர் ஜாயின் கிடையாது என்பதால், லெஃப்ட் ஜாயினையும் ரைட் ஜாயினையும் யூனியனால் (இரண்டு முடிவுகளைச் சேர்த்து, ஒரே மாதிரி வரிசைகளை ஒன்றாக்கும் கட்டளையால்) இணைத்து வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு ஒன்றை எழுதினேன். ஒரே நாளில் ஒரே தொகை இருமுறை செலுத்தப்பட்டிருந்தது, இரண்டுமே உண்மையான பரிவர்த்தனைகள். நான் தேர்ந்தெடுத்த நெடுவரிசைகளில் பரிவர்த்தனை எண் இல்லாததால், யூனியன் அவற்றை ஒன்றாக்கிவிட்டது. இப்போது எதையும் ஒன்றாக்காமல் அப்படியே சேர்க்கும் 'யூனியன் ஆல்' (UNION ALL) பயன்படுத்தி, இரண்டாம் பகுதியில் இடப்பக்க டேபிளின் சாவி (வரிசையை அடையாளம் காட்டும் மதிப்பு) 'நல்' என உள்ள வரிசைகளை மட்டும் எடுக்கிறேன். எஸ்கியூலைட் என்னும் சிறிய தரவுத்தளத்தில் ரைட், ஃபுல் ஜாயின்கள் இரண்டும் 2022-இல் 3.39 பதிப்போடுதான் வந்தன. அதற்கு முந்தைய பதிப்பை வைத்திருப்பவர்களுக்கும் இதே யூனியன் ஆல் முறை உதவும், ஆனால் ரைட் ஜாயினுக்குப் பதிலாக டேபிள்களை இடம் மாற்றி லெஃப்ட் ஜாயின் எழுத வேண்டும்.