இடச்சுக்கானா, இடவலவா?

உவர்மலையிலிருந்து:

அன்பர்களுக்கு வணக்கம். கத்தார், அமீரகம் போகவிருக்கும் சாரதிகளுக்கு நாங்கள் நடத்தும் வகுப்பின் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்தான் பாக்கி. நம் இலங்கை வாகனங்களில் ஸ்டியரிங் வலப்பக்கம், அங்கே இடப்பக்கம். இதை "இடக்கைச் செலுத்தல்" என்று எழுதியிருந்தேன். வகுப்பில் ஒரு பிள்ளை, "இடது கையால் மட்டுமா ஓடுவது, சேர்?" என்று கேட்டான். இன்னொருவன், "இப்பவே நாங்கள் இடப்பக்கம்தானே ஓடுகிறோம்" என்றான். இரண்டும் நியாயமான கேள்விகள். வீதியின் பக்கம் வேறு, ஸ்டியரிங்கின் பக்கம் வேறு. சுவீடன் 1967 செப்டம்பர் 3 அன்று வீதியின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியபோது, அங்கிருந்த பெரும்பாலான கார்களில் ஸ்டியரிங் ஏற்கெனவே இடப்பக்கம்தான் இருந்தது. ஆகவே இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும். வியாழன் இரவுக்குள் சொல்லுங்கள்.

கிண்ணியாவிலிருந்து:

சேர், நான் தோஹாவில் ஒன்பது வருடம் ஓடியவன். முதலில் நிலைமையைச் சொல்கிறேன், சொல் பிறகு வரட்டும். மிதிகள் மாறுவதில்லை. கிளச் இடம், பிரேக் நடு, அக்சிலேட்டர் வலம். கியரின் ஒழுங்கும் அதேதான், கைதான் மாறுகிறது. இங்கே முதலாம் கியருக்குக் கையை அப்பால் கொண்டுபோகிறோம். அங்கே நம் பக்கம் இழுத்து மேலே தள்ள வேண்டும். இங்குள்ள ஜப்பான் கார்களில் சிக்னல் வலக்கைப் பக்கம். அங்கே அந்த இடத்தில் வைப்பர். முதல் வாரம் ஒவ்வொரு திருப்பத்திலும் காய்ந்த கண்ணாடியைத் துடைத்தேன்.

ஆபத்து இதிலெல்லாம் இல்லை. நாம் ஓடுதடத்தின் வலது விளிம்பை ஒட்டி உட்கார்ந்து பழகியவர்கள். அங்கே போனாலும் உடம்பு அதே இடத்தைத்தான் தேடும். ஆனால் இப்போது நமக்கு வலப்பக்கம் இன்னும் ஓர் ஆள் இருக்கும் அகலத்துக்கு வண்டி இருக்கிறது. வலது கரைக்கல்லில் போய் உரசும். என் வண்டியின் வலப்பக்கச் சில்லுகள் இரண்டும் அப்படித்தான் தேய்ந்தன. கையேட்டில் இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

இனிச் சொல். அங்கே அரபிகள் காரின் ஸ்டியரிங்கைச் "சுக்கான்" என்பார்கள். நம் வள்ளத்துச் சுக்கான்தான். சிங்களத்திலும் சுக்கானம. இடச்சுக்கான், வலச்சுக்கான் என்று வைத்துவிடலாம்.

நிலாவெளியிலிருந்து:

நானா, உங்கள் அனுபவம் அப்படியே கையேட்டில் சேர வேண்டும். ஆனால் சுக்கான் அரபு, சாரதி வடமொழி. கடன் வாங்கியே கலைச்சொல் ஆக்குவதா? நம்மிடம் வலவன் இருக்கிறான். "வலவன் ஏவா வான ஊர்தி" என்று புறநானூற்றின் 27ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடுகிறார். செலுத்துபவன் இல்லாமலே செல்லும் வான ஊர்தி! வலவன் என்றால் வல்லவன் என்று பொருள் சொல்வார்கள். எனக்கு அது போதவில்லை. வலம் என்பது வலப்பக்கமும் அல்லவா? தேரில் வலப்பக்கம் நின்று செலுத்தியவனே வலவன் என்பது என் துணிபு. செலுத்தும் பொறியை "வலவு" என்போம். இடவலவு, வலவலவு.

சாம்பல்தீவிலிருந்து:

ஐயா, நான் கணினியில் கார்ப் பந்தயம் ஓடுபவன். ஸ்டியரிங் பக்கம் மாறினால் எனக்கு முதலில் தவறுவது வளைவின் உட்புள்ளிதான், அதாவது வளைவின் உள் ஓரத்தை வண்டி தொட்டுப் போகும் இடம். நாம் இருக்கும் பக்கத்து வளைவில் சில்லை ஓரத்தோடு ஒட்டி விடலாம், மறுபக்கத்து வளைவில் ஓரடி தள்ளியே போவோம். பிரான்சில் 24 மணி நேரக் கார்ப் பந்தயம் நடக்கும் லெ மான் ஓடுபாதை வலஞ்சுழி, வலப்பக்க வளைவுகளே கூட. ஜெர்மனியில் வீதியின் வலப்பக்கம் ஓடினாலும் போர்ஷே 917 பந்தயக் காருக்கு ஸ்டியரிங்கை வலப்பக்கம் வைத்தார்கள். அது 1970, 1971 இரண்டு வருடமும் லெ மானில் வென்றது. 1995இல் வென்ற மக்லாரன் எஃப்1இல் சாரதி நடுவில். அதற்கு நடுச்சுக்கான் என்று சொல்லிவிடலாம். வலவு என்றால் என்ன செய்வது?

மூதூரிலிருந்து:

தம்பி வலஞ்சுழி என்றதும் ஒரு சந்தேகம். வலம் + சுழி வலஞ்சுழி என்றால், வலம் + சுக்கான் வலஞ்சுக்கான் ஆகாதா? "மவ்வீறு ஒற்றழிந்து உயிரீறு ஒப்பவும், வன்மைக்கு இனமாத் திரிபவும் ஆகும்" என்கிறது நன்னூல். அதாவது வலம் என்பதன் ம் கெட்டு வலச்சுக்கான் ஆகலாம், ம் ஞ் ஆகி வலஞ்சுக்கானும் ஆகலாம்; இரண்டுக்கும் இடம் உண்டு. வலக்கை, வலப்பக்கம் போல வலச்சுக்கான் என்பதே பிள்ளைகள் வாயில் நிற்கும். அப்புறம் இன்னொன்று. நம் நாட்டில் சுற்றுவட்டத்தை வலஞ்சுழியாகச் சுற்றுகிறோம், கோணேசரை வலம் வருவது போல. கத்தாரில் இடஞ்சுழி. "இங்கே கோயில் சுற்று, அங்கே எதிர்ச்சுற்று" என்று சொன்னால் என் வகுப்பில் ஒருவரும் மறக்கமாட்டார்கள்.

நிலாவெளியிலிருந்து:

ரீச்சர் என் பக்கம்தான் வருகிறார். வலம் வருதலில் வலம் எது? கோபுரத்தை வலப்பக்கம் வைத்துச் சுற்றுவது. வலவனும் அவ்வாறே...

உவர்மலையிலிருந்து:

ஐயா, குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள், நாளை அச்சு. வலவன் என்றாலே வலப்பக்கத்தவன் என்றால் இடவலவு எப்படிப் பொருந்தும்? வலவலவு என்பதை வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். பாதிப் பேர் "வளவளவு" என்று எழுதினார்கள். ஸ்டியரிங்குக்கு இடச்சுக்கான், வலச்சுக்கான். வீதிக்கு இடப்பக்க ஓட்டம், வலப்பக்க ஓட்டம். பதில் போட்டவர்களில் பெரும்பாலானோர் இதற்குச் சம்மதம். இதையே போடுகிறேன்.

நிலாவெளியிலிருந்து:

போடுங்கள். என் மறுப்பையும் பதிவில் வையுங்கள். சுக்கான் கடலுக்குரியது. வீதிக்கு வலவுதான்.

கிண்ணியாவிலிருந்து:

சேர், 14ஆம் பக்கப் படத்தைப் பாருங்கள். இங்குள்ள கார் ஒன்றைப் படம் எடுத்து இடச்சுக்கானாகக் காட்டப் புரட்டிப் போட்டிருக்கிறார்கள். அதனால் கிளச் வலப்பக்கம் வந்துவிட்டது. எங்கள் பக்கத்து ஒருவர் தோஹாவில் எடுத்த படம் வைத்திருக்கிறார், இரவுக்குள் வாங்கி அனுப்புகிறேன்.